பாருக்கு அடுத்த வீடு

ஐம்பத்தொரு வயதில் கோர்ட் டவாலிக்குச் சொந்த வீட்டு ஆசை வந்தது. அதுவரை வராமல் இருந்ததற்குப் பற்றற்ற மனம் ஒன்றும் காரணமில்லை. அந்த ஆண்டுதான் வாடகை வீட்டின் சொந்தக்காரர் மாடியை நடன வகுப்புக்கு விட்டார். சாயங்காலமானால் முப்பது ஜோடிக் கால்கள் டவாலியின் தலைக்கு மேல் கலை வளர்த்தன.

கோர்ட் வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக மைக் இல்லாமல் கூப்பிட்டார். ஒருமுறை மைக் வாங்கித் தரலாமா என்று பேச்சு வந்தபோது, 'இருக்கிற சத்தம் போதாதா?' என்று நீதிபதியே ஃபைலை மூடிவிட்டாராம். நாளெல்லாம் ஊரைக் கூவி அழைத்துவிட்டு வருபவர் என்பதால், வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கவேண்டும் என்று எதிர்பார்த்தார். மற்றவர்கள் போடும் சத்தம்தான் அவருக்கு ஆகாது.

வார விடுமுறைகளில் புருஷனும் பெண்டாட்டியுமாக இருபத்திரண்டு வீடு பார்த்தார்கள். 'நல்ல காற்றோட்டம்' என்ற வீட்டில் ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லை. 'அமைதியான தெரு' பஸ் டிப்போவுக்குப் பின்புறம் இருந்தது. 'பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தால் மூன்று நிமிடம்' என்ற இடத்துக்கு நடந்து முடித்தபோது டவாலியின் மனைவிக்குச் செருப்பு அறுந்தது.

இருபத்துமூன்றாவது வீட்டுக்குத் தரகர் காலை பத்து மணிக்கு அழைத்துப்போனார். இரண்டு படுக்கையறை, அகலமான சமையலறை, பின்னால் துணி துவைக்க இடம். அலமாரிக் கதவுகள் மூடினால் மூடிக்கொண்டன. டவாலியின் மனைவி நம்பாமல் மூன்று முறை மூடிப் பார்த்தாள். விலையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதுதான் டவாலிக்கு உறுத்தியது.

"பக்கத்துல என்ன இருக்கு?"

"சாப்பாட்டு இடம் மாதிரி சார். ஜூஸ் எல்லாம் தர்றாங்க."

வெளியே வந்து பார்த்தார். பலகையில் ஆள் உயரத்துக்கு நுரை பொங்கும் கண்ணாடிக் கிளாஸ் வரைந்திருந்தது. ஜூஸ் அவ்வளவு நுரைத்து அவர் பார்த்ததில்லை.

வீட்டை விற்கிறவர் ஓய்வுபெற்ற கணக்காளர், தனிக்கட்டை. "இருபது வருஷமா இங்கதான் இருக்கேன். இந்த வீட்டுக்குள்ள ஒரு சத்தம் கேட்டதில்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொய்யின் நிழல்கூட இல்லை.

விஷயம் டவாலியின் மச்சானுக்குப் போனது. மனைவியின் அண்ணன், வீடு வாங்குவது பற்றி ஊருக்கே யோசனை சொல்பவர், சொந்தமாக ஒரு திண்ணைகூட வாங்கியதில்லை. "நீங்க கவலப்படாதீங்க மாப்ள. பார்ல சத்தம் எப்படின்னு நானே நேர்ல போய்ப் பாத்துச் சொல்றேன்" என்றார். தங்கைக்காக அவர் செய்யத் துணிந்த முதல் தியாகம் அது.

முதல் நாள் வந்து, "சத்தமே இல்ல மாப்ள" என்றார். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தது போதாது, நடுவில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று இரண்டாம் நாளும் போனார். மூன்றாம் நாள் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று அவருக்கே நினைவில்லை. நான்காம் நாள் அறிக்கை, தெருமுனையிலிருந்தே பாட்டாக வந்தது.

"அண்ணே, நீ கஷ்டப்பட்டது போதும்" என்றாள் தங்கை. "நாங்களே போறோம்."

அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். எட்டு ராட்சச இயந்திரங்களுக்கு நடுவே நின்று, எந்தப் போர்வை எந்த வார்டு என்று கறையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சத்தமும் அழுக்கும் அவளுக்குப் புதிதல்ல.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பாரில் ஈ, காக்காய் இல்லை. முதலாளியம்மா தனியாகக் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். டவாலி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"சத்தம் ஆகாதுன்னா வாங்காதீங்க" என்றார் அந்த அம்மாள், துடைப்பதை நிறுத்தாமல். "மேட்ச் இருந்தா கத்துவாங்க. பதினொண்ணுக்கு அடைச்சிடுவேன், ஆனா வாசல்ல நின்னு ஒருத்தர ஒருத்தர் விட்டுப் பிரிய அரை மணி நேரம் ஆகும். அவ்வளவு பாசம். காலைல ஆறு மணிக்குக் காலி பாட்டில் வண்டி வரும். அது மேட்ச்ச விட மோசம்."

டவாலியின் முகம் சுருங்கியது.

"இன்னொண்ணு. சமையலறை பின் சுவத்துல மழைக்கு ஓதம் ஏறும். போன வாரம்தான் பெயின்ட் அடிச்சு மறைச்சாரு."

"அவரு சத்தமே கேட்டதில்லன்னாரேம்மா?" என்றாள் மனைவி.

"எப்படிக் கேக்கும்? சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து அந்த மூலைல உக்காந்தா, கடைசி ஆளாத்தான் எழுந்து போவாரு. வீட்டுல இருந்தாத்தானே! காலைல பாட்டில் வண்டி வரப்ப போதை தெளிஞ்சிருக்காது. பெரிய தொண்டையே அவருதுதான். அவர் காலி பண்ணாலே எனக்குப் பாதி சத்தம் கொறையும்."

வெளியே வந்ததும் டவாலி பெருமூச்சு விட்டார். "சரி, இதுவும் போச்சு. அடுத்த வாரம் வேற பாப்போம்."

"இதத்தான் வாங்கறோம்."

"அந்தம்மா சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சுங்க. இருபத்திமூணு வீடு பாத்தாச்சு. தரகர், வீட்டுக்காரர், எங்க அண்ணன் உட்பட யாராவது ஒரு வார்த்த உண்மை சொன்னாங்களா? இந்தம்மா சொல்லுது, அதுவும் அதோட கடையப் பத்தியே. சத்தம் பழகிடும். பொய் சொல்ற பக்கத்து வீடு பழகாது."

டவாலி கோர்ட்டில் இருபத்தாறு வருடம் சாட்சிகளைக் கூண்டுக்கு அழைத்தவர். தனக்கே எதிராகச் சாட்சி சொன்ன ஆளை அவர் அதிகம் கண்டதில்லை. தரகருக்குப் போன் போட்டார். ஓதத்தைச் சொன்னதும் கணக்காளர் விலையை இன்னும் கொஞ்சம் இறக்கினார். யார் சொன்னார்கள் என்று மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

குடிவந்த முதல் மாதம் டவாலி காதில் பஞ்சு வைத்துப் படுத்தார். பாட்டில் வண்டியைச் சபித்தபடியே எழுந்தார். இரண்டாம் மாதம் பஞ்சை மறந்தார். எப்படியோ தூக்கம் வந்தது. மழைக்கு முன்பே சுவரைப் பூசிவிட்டதால் சமையலறையும் நனையவில்லை.

ஆறாவது மாதம் ஒரு மத்தியானம் முதலாளியம்மா கதவைத் தட்டினார். டவாலி வேலைக்குப் போயிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுச் சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கு."

டவாலியின் மனைவிக்கு முதலில் புரியவில்லை.

"சார் போன்ல பேசறது அப்படியே எங்க பக்கம் கேக்குது. போன மாசம் உங்க பொண்ணுக்கு வேலைல பதவி உயர்வுன்னு பேசினாரா? எங்க கடைல எல்லாரும் கை தட்டினாங்க. அது சந்தோஷம்தான். ஆனா நேத்து டாக்டர்கிட்ட மூலத்தப் பத்தி விவரமாப் பேசினாரு பாருங்க. ரெண்டு பேரு சாப்பாட்ட அப்படியே வச்சிட்டு எழுந்து போயிட்டாங்க."

மகள் வெளியூரில் இருந்தாள். தூரத்துக்குத் தகுந்தபடி குரலை உயர்த்தினால்தான் போன் எடுத்துச்செல்லும் என்பது டவாலியின் நம்பிக்கை. கை தட்டல் அன்று அவர் காதிலும் விழுந்தது. யாரோ கோல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்.

சாயங்காலம் மனைவி விஷயத்தைச் சொன்னாள். சத்தத்துக்குப் பயந்து வீடு மாறியவர் மேல் ஒரு பாரே புகார் கொடுத்திருக்கிறது. இனி போனை வாசல் பக்க அறையில்தான் பேசுவது என்று முடிவானது. பதிலுக்குப் பாட்டில் வண்டியை எட்டு மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று மனைவி யோசனை சொன்னாள். கேட்பதற்கு முன்னால் மன்னிப்பு கேட்கவேண்டுமே.

டவாலி சட்டையை மாற்றிக்கொண்டு பாருக்குப் போனார். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் தன் உடம்பின் சகல விவரமும் அறிந்தவர்கள் என்ற நினைப்பில் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். முதலாளியம்மாவின் அருகில் போய், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார்.

அந்த அம்மாள் காதில் கை வைத்துக் குனிந்தார்.

"என்ன சொன்னீங்க? ஒண்ணும் கேக்கல சார். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்."