அம்மா சொல்ல வேண்டியிருந்த குறை

எங்கள் கலியாணத்தைப் பேசி வந்த தரகர், மாப்பிள்ளை யாழ்ப்பாண நகரத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றில் "மனேச்சர் மாதிரி" என்றார். அந்த "மாதிரி" வீட்டுப் படலையைத் தாண்டுவதற்குள் உதிர்ந்துபோனது. அம்மா எங்கள் ஊர் உரும்பிராய் முழுக்க மனேச்சர் என்றே சொல்லிக் கலியாணத்துக்கு அழைத்தாள். கலியாணம் முடிந்த கிழமையே அவர் என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் அங்கே அறை துப்புரவாக்குபவர், கட்டில் விரிப்பவர், ஆங்கிலத்தில் "ரூம் போய்". எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. காய்ந்த உடுப்பை எடுத்து என்னுடையதையும் சேர்த்து மடித்து வைக்கிற புருசன் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எங்கள் இருவருக்கும் பயம். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தும், நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடம் போய்விட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒரு மரியாதைத் தூரம் உண்டு. இப்போது பல வீடுகளில் அது குறைந்துவிட்டது. அம்மா விடவில்லை. அப்பா போன பிறகு தனியாக வெங்காயம் நட்டு என்னை வளர்த்தவள், ஊரில் எந்த ஆம்பிளையோடும் சரிக்குச் சரி கதைப்பவள், மருமகனைக் கண்டால் மட்டும் கதவோரம் ஒதுங்கிவிடுவாள். அவர் இருக்கும் இடத்தில் கதிரையில் இருக்க மாட்டாள். நேரே ஒரு சொல் கதைக்க மாட்டாள். அவர் முன்னாலேயே நின்று, "பிள்ளை, தம்பியைக் கேள், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு" என்பாள். அவரும், "போதும் எண்டு மாமியிட்டைச் சொல்லும்" என்பார். நடுவில் நான் தபால்காரி. குறை சொல்வது என்ற கதைக்கே இடமில்லை. அவர் கால் தட்டித் தண்ணீர்க் குடம் சரிந்தாலும், குடத்தைப் பிழையான இடத்தில் வைத்தவள் நான்தான்.

ஹோட்டலில் திருத்த வேலை தொடங்கியபோது எல்லோருக்கும் தற்காலிக லீவு கொடுத்து, அரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் ஓய்வு என்று சந்தோசப்பட்டோம். வந்து உடுப்பு மாற்றுவதற்குள் தொலைபேசியில் செய்தி வந்துவிட்டது. லீவில் நிற்பவர்கள் தினமும் பின்னேரம் இரண்டு மணிக்கு வீடியோ அழைப்பில் பயிற்சிக்கு வரவேண்டும், கடைசிச் சோதனையில் தேறியவர்களைத்தான் திரும்பக் கூப்பிடுவார்களாம். லீவு என்றால் லீவு, வேலை என்றால் வேலை. இது இரண்டும் கெட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேலிடத்தைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர்தான், "சும்மா இரும், எனக்கு இந்த வேலை வேணும்" என்று என்னை அடக்கினார்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் எங்கள் அறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவர் கட்டிலைக் கலைத்து விரிப்பார், மறுபடி கலைத்து விரிப்பார். முகம் துடைக்கிற துவாயை மடித்து யானை உருவம் செய்வார். கொழும்பிலிருந்து ஒரு இளம் பெண் தொலைபேசித் திரையில் வந்து பயிற்சி கொடுத்தாள். அவளுக்குத் தலையணை உறையின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது உயிர் போகிற விசயம். வெளியே அம்மா மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவிடம், "எங்கடை தம்பிக்கு லீவிலையும் மீற்றிங். பெரிய பொறுப்பெல்லோ" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். முன்பள்ளியில் படிப்பிக்கிற நான் வேலை முடிந்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே அதைக் கேட்பேன்.

கடைசி நாள் சோதனைக்கு விருந்தினராக நடிக்க வீட்டில் ஒருவர் வேண்டும் என்றாள் அந்தப் பெண். நான் கதிரையில் இருந்தேன். அவர் சாத்திய கதவை உள்ளிருந்தே தட்டி, கையைக் கட்டி, "வணக்கம் மேடம், உள்ளே வரலாமா?" என்று கேட்டார். முதல் நாள் இரவு என்னிடம் நுளம்பு கடிக்குது, திரி எங்கே என்று கத்திய அதே மனுசன். நான் சிரித்துவிட்டேன். மறுபடி தட்டினார், மறுபடி சிரித்தேன்.

"மனைவி சரிவராது. வேற யாரும் இல்லையா?" என்றாள் அவள்.

"ஒருத்தரும் இல்லை மிஸ்" என்று அவர் சொல்லி முடிக்கவும் கதவு திறந்தது. மீற்றிங்கில் இருக்கும் மருமகனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவது அம்மாவின் வழக்கம். என்னுடைய சிரிப்புக் கேட்டு, மீற்றிங் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தள்ளியிருக்கிறாள். தோளில் துவாயும் கையில் தலையணையுமாக அவர் நின்றார்.

"அந்த அம்மா இருக்காங்களே. அம்மா, கொஞ்சம் அந்தக் கதிரையில உட்காருங்க. இவருக்குச் சோதனை" என்றாள் அந்தப் பெண் திரையிலிருந்து.

சோதனை என்ற சொல்லுக்கு அம்மா எப்போதும் பயந்தவள். கதிரை நுனியில் இருந்தாள். அவர் கட்டிலை விரித்தார். எத்தனையோ நாள் பழகிய கை. விரிப்பில் ஒரு சுருக்கம் விழவில்லை. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"இப்ப நீங்க ஒரு குறை சொல்லணும் அம்மா. அதை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று நான் பார்ப்பேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, சொல்லு. குறை ஒண்டும் இல்லை."

"குறை இல்லாட்டி நான் மார்க்ஸ் போட ஏலாது."

"என்ரை மருமகனிலை நான் என்னத்தைக் குறை சொல்லுறது?"

நான் குனிந்து அம்மாவின் காதில் சொன்னேன். "அம்மா, இதிலை தேறாட்டி இவரைத் திருப்பி வேலைக்குக் கூப்பிடமாட்டினம். ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ."

அம்மா கட்டிலைப் பார்த்தாள். துவாய் யானையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவரை நேரே பார்த்தாள்.

"ஒரு குறை இருக்குத் தம்பி. இந்த வேலைதான் செய்யிறன் எண்டு எங்களிட்டைச் சொல்லேல்லை. நான் ஊரெல்லாம் மனேச்சர் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டியள்."

அவர் "தரகர்..." என்று வாயெடுத்தார், அதோடு நிறுத்திக்கொண்டார். குறையை முழுதாகக் கேள், சாட்டுச் சொல்லாதே, இன்னொருவர் தலையில் போடாதே என்று பயிற்சியில் நாள்தோறும் ஓதியிருந்தார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி. பிழை என்னிலைதான். சொல்ல வெக்கமாக் கிடந்தது. இனி உங்களைப் பொய் சொல்ல வைக்கமாட்டன்."

அந்தப் பெண் திரையில் குனிந்து எதையோ குறித்தாள். பிறகு, "மாமி என்று சொல்லக்கூடாது, மேடம் என்று சொல்லணும். மற்றது எல்லாம் சரி" என்றாள். அவர் தேறிவிட்டார்.

தேறிய சந்தோசம் வீட்டில் இல்லை. அன்று இரவு அம்மா புட்டுப் பரிமாறினாள், இன்னும் போடட்டோ என்று தம்பியைக் கேட்கும்படி என்னிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்தது, மாமியாரை இழந்தேன் என்றார் அவர்.

விடிய அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "மருமகனுக்கு இண்டைக்கும் மீற்றிங்கோ?"

"அது மீற்றிங் இல்லைப் பிள்ளை, பயிற்சி. அவர் ஹோட்டலிலை அறை துப்பரவாக்கிறவர், கட்டில் விரிக்கிறவர். விரிச்சாரெண்டால் ஒரு சுருக்கம் பிடிக்கேலாது."

"மனேச்சர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"நான்தான் பிழையா விளங்கிப்போட்டன். வயசு போனால் இப்பிடித்தான்."

எல்லாம் தெரிந்த பிறகும் அவரைக் காப்பாற்ற இன்னொரு பொய். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அம்மாவை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், வாய் கொப்பளிக்கக்கூட நிற்காமல், பிறசைக் கையில் பிடித்தபடி மதிலடிக்கு நடந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"மாமிக்கு வயசும் போகேல்லை, பிழையாவும் விளங்கேல்லை அக்கா. நான்தான் ஒளிச்சனான். நான் அங்கை ரூம் போய்."

அந்த அக்கா, "அதுக்கென்ன தம்பி" என்றார், வேறு என்ன சொல்ல. அம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். அடுத்த குறையைச் சொல்லும்படி அவளிடம் யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

"முதல்லை வாயைத் துடையுங்கோ தம்பி. போட்டிருக்கிற சேட்டெல்லாம் பற்பசை."