பெண் பார்க்க வந்த நைலான் சட்டை

போன ஞாயிற்றுக்கிழமை அன்னவாசலில் என் மானம் போயிற்று. காரணம் ஒரு சட்டை. நான் போட்டிருந்த சட்டை இல்லை… அப்படி இருந்தாலாவது கழற்றி எறிந்திருப்பேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் நைலான் சேலையைப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? புதுக்கோட்டைக் கடைவீதியில் சாயங்காலம் நடந்தால் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இதற்குச் சேலை என்று எதற்குப் பெயர், கொசுவலை என்றே சொல்லிவிடலாமே என்று வெளுத்து வாங்கியிருந்தேன். பாராட்டிக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஒன்றுவிடாமல் எல்லாம் ஆண்கள் எழுதியவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். தினமும் காலையில் இடுப்பில் ஒரே ஒரு துண்டோடு வாசலில் நின்று, தண்ணீருக்குப் போகிற பெண்கள் ஒதுங்கி ஒதுங்கி நடக்க, பேப்பர் படிக்கிற மனிதருக்கு இதை எழுதக் கை எப்படி வந்தது என்று. வெயில் காலம், காற்றுக்காக நிற்கிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்ன பதிலை ஆசிரியர் போடமாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகள் சரோஜா. அன்னவாசலில் டீச்சர் வேலை. அத்தான் காலமான பிறகு அவளுக்கு மாப்பிள்ளை தேடுகிற பொறுப்பு தாய்மாமன் தலையில் விழுந்தது. இரண்டு வரன் வந்து தட்டிப்போய்விட்டது. மூன்றாவதும் தட்டினால் அக்கா படுத்த படுக்கையாகிவிடுவாள் என்கிற நிலைமை.

அந்த மூன்றாவதை நானேதான் பிடித்தேன். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குடும்பம். பையன் திருச்சியில் ஒரு கம்பெனியில் கிளார்க். பீடி, சிகரெட் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று பையனின் அப்பா என்னிடம் சொன்னார். நான் அதை அக்காவிடம் சொன்னபோது, ஏதோ கூடவே இருந்து வளர்த்தவன் மாதிரி, என் உத்தரவாதமாகவே மாற்றிச் சொல்லிவிட்டேன். கல்யாணப் பேச்சில் இதெல்லாம் சகஜம்தானே?

ஞாயிறு காலையில் முதல் பஸ்ஸிலேயே நானும் மனைவியும் போய்ச் சேர்ந்தோம். உள்ளே நுழைகிறேன் — சரோஜா வெளிர்நீல நைலான் சேலையில் நிற்கிறாள்!

டிரெயினிங் முடித்த சந்தோஷத்தில் திருச்சிக்குப் போய் ஆசையாக வாங்கிய சேலையாம். எனக்கு வந்ததே கோபம். ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு வீட்டிலேயே இப்படியா?

"அதக் கட்டுனா உள்ளது எல்லாம் வெளிய தெரியும்மா. வாரவங்க பழைய காலத்து மனுசங்க. போயி பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு வா" என்றேன்.

கெட்டியான உள்பாவாடை கட்டியிருப்பதாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கே கட்டிப் போனதாகச் சொன்னாள். நான் காது கொடுத்தால்தானே? குரலை உயர்த்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், சித்திரை வெயிலில் அம்மாவின் அரக்குப் பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரே திருப்தி. இப்போது இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முன்னால் அப்பா, அம்மா. பின்னால் மாப்பிள்ளை… மாப்பிள்ளை போட்டிருந்தது வெள்ளை நைலான் சட்டை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்ததில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கையில்லாத பனியன். பனியனில் இரண்டு ஓட்டை. இது போதாதென்று சட்டைப் பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிகரெட் பாக்கெட். வாய் கிழித்த பாக்கெட் அது. உள்ளே மிச்சமிருந்த நாலைந்து சிகரெட்டின் தலைகூட வரிசையாகத் தெரிந்தது.

அப்பா பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் அவருக்கு அது கண்ணில் படவில்லை. எதிரே உட்கார்ந்த எங்களுக்கு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வேறென்ன செய்வது, சொல்லுங்கள்?

மனிதர் அதோடு விட்டாரா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்க பையனுக்குக் காப்பியத் தவிர வேற ஒரு பழக்கமும் கெடையாதுங்க."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமாம்.

அப்போதுதான் சரோஜா காபி கொண்டுவந்தாள். பெண் பார்க்க வருகிற அன்று பெண் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, குனிந்த தலை நிமிராமல் காபி கொடுக்க வேண்டும் என்பது நம் ஏற்பாடு. உட்கார்ந்திருக்கிறவனுக்குக் குனிந்து டம்ளரை நீட்டினால் கண் நேராக எங்கே போய் நிற்கும்? சட்டைப் பையில்தான். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நைலானை எதிர்பார்க்கவில்லை, பாவம்.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போனாள். சற்று நேரம் கழித்து அக்கா வெற்றிலைத் தட்டு கொண்டுவரச் சொன்னாள். வந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு… பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. சரோஜா தட்டை மாப்பிள்ளை முன்னால் வைத்து, தீப்பெட்டி அவன் பக்கம் வருகிற மாதிரி லேசாகத் திருப்பிவிட்டுப் போய்விட்டாள்.

தீப்பெட்டி எதற்கு என்று பெரியவர் கேட்டார். பையன் தீப்பெட்டியைப் பார்த்தான்; குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். சட்டென்று கை மேலே போயிற்று. அப்புறம் எழுந்து போகிற வரைக்கும், காற்றில் மாராப்பை இழுத்துப் பிடிக்கிற பெண்ணைப் போல நெஞ்சை மூடிய கையை எடுக்கவே இல்லை.

லெட்டர் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மாதிரி லெட்டர் எந்த வீட்டுக்காவது வந்திருக்கிறதா?

மூணாவதும் போச்சே என்று அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். என் கோபமெல்லாம் சரோஜா மேல் திரும்பியது. ஊரில் யார்தான் சிகரெட் குடிக்கவில்லை, அது என்ன கொலைக்குற்றமா என்று கத்தினேன். அக்காவிடம் உத்தரவாதம் கொடுத்த அதே வாய்.

"சிகரெட்டு குடிச்சா குடிச்சுட்டுப் போறாரு மாமா. அவுக அப்பா அப்படிச் சொல்றப்ப, இல்லப்பா, நான் குடிப்பேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தீப்பெட்டியத் தொட்டிருக்கவே மாட்டேன். பொய்ய நடுவீட்டுல வச்சுக்கிட்டு எப்படிக் குடித்தனம் பண்றது?"

அவள் விடவில்லை.

"நைலான்ல உள்ளது எல்லாம் வெளிய தெரியும்னு நீங்கதான சொன்னீங்க? சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பட்டைக் களைந்து, அந்த வெளிர்நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவைதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. காலையிலேயே பார்த்திருக்கலாம். காலையில் எனக்கு ஏது கண்? இருந்ததெல்லாம் வாய்தானே.

நாலாவதாக ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், தங்கமான பையன் என்கிறார்கள். நேற்றே அவர்களுக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

மாப்பிள்ளை தயவுசெய்து நைலான் சட்டையில் வரவும்.