வீராயியின் மனசு

கையில் எடுத்த களியில் பாதியைக் கிள்ளி நாய்க்குப் போட்ட பிறகுதான் வீராயி மீதியைத் தன் வாயில் வைப்பாள். "அது வாயப் பாத்துக்கிட்டு நிக்கறப்ப திங்க மனசு வருமாங்க?" என்பாள். மலைமேல் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர். அவள் காப்பிப் பழம் பறிக்கிறவள், புருசனை இழந்தவள்.

எதற்கெடுத்தாலும் அவளுக்கு மனசுதான். பக்கத்து வரிசைக்காரி பின்தங்கினால் மனசு கேட்காது. போய்ப் பறித்துக் கொடுப்பாள். மேஸ்திரி அங்கப்பன் திட்டினால் அன்று முழுக்க மனசு ஆறாது. என் பெண்டாட்டி கொடுத்த பழைய சேலையைக்கூட, "மனசு ஒட்டலீங்க" என்று திருப்பித் தந்துவிட்டாள். 'என் மனசு' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன பேச்சுக் கேட்காத மாமியாரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாள். எனக்குச் சிரிப்பு வரும்.

போன ஐப்பசியில் அவளுடைய ஒரே மகள் பூவாயி குளிர்காய்ச்சலில் செத்துப்போனாள். கீழே சொந்த ஊருக்குத் தூக்கிப்போக மழை விடவில்லை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே, தரிசுச் சரிவில் புதைத்துத் தலைமாட்டில் ஒரு கல் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மனசு கொஞ்சம் தேறிச்சா வீராயி?" என்று கேட்டேன்.

"அதயும் புள்ளையோட போட்டு மூடியாச்சுங்க" என்றாள்.

இந்த மழைக்கு அந்தச் சரிவிலும் காப்பி வைக்க எஸ்டேட் துரை உத்தரவு போட்டார். புதர் வெட்ட வந்த வெளியூர் ஆட்கள், விவரம் தெரியாமல், கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி மண் அரிக்காதிருக்கத் தடுப்புச் சுவர் கட்டிவிட்டார்கள். வீராயி பங்களாவுக்கு ஓடினாள்.

"அந்த ஒரு எடத்த மட்டும் உட்டுருங்க சாமி!"

"எந்த இடம்? காட்டு" என்றார் துரை. சரிவு முழுக்க ஒரே செம்மண். அவளால் காட்ட முடியவில்லை. வேலைக்கு வராதவர்களுக்கு லைன் வீடு கிடையாது. போக்கிடம் இல்லாதவள், நடவுக்கு வந்தாள்.

நாற்றைக் குழியில் வைத்து மண் தள்ளிக் குதிகாலால் இறுக மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் மலைக்காற்றுக்குச் செடி சாய்ந்துவிடும். மற்றவர்கள் மிதித்துக்கொண்டே போகிறார்கள். வீராயி மட்டும் ஒவ்வொரு குழியிலும் மண்டியிடுகிறாள்.

"ஏ வீராயி, மிதிச்சுட்டு வா புள்ள! பொழுது போவுது!" என்று அங்கப்பன் கத்துகிறான்.

அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் மண்ணை மெல்ல அழுத்திவிட்டு, அடுத்த குழிக்குத் தவழ்ந்தே போகிறாள்.