வெள்ளிதோறும் போகும் ஜாதகம்

தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும் அந்தக் கல்யாணத் தரகரை எனக்குப் பிடிக்காது. இன்றுவரை பிடிக்காது.

சரவணம்பட்டியில் நான் வேலை பார்த்த சின்ன அலுவலகம்தான் அவருக்கு வரன் பார்க்கும் வெப்சைட் செய்து கொடுத்தது. வெள்ளிக்கிழமை காலையானால், யாரும் தொடாமலே, பெண்களின் ஜாதகமும் போட்டோவும் மாப்பிள்ளை வீடுகளுக்கு வாட்ஸப்பில் போக வேண்டும். கல்யாணம் முடியும்வரை வாராவாரம் போகும். அந்த புரோகிராமை எழுதியது நான். ராகு காலத்தில் போகக் கூடாது, அஷ்டமி நவமியில் கூடாது, ஆடி மாதம் முழுக்க நிறுத்த வேண்டும் என்று உயிரை எடுத்தார். சர்வர் வெளிநாட்டு நேரத்தில் ஓடி ஒருமுறை ராகு காலத்தில் போய்விட்டது. "அம்மணி, இது குடும்ப விசயமுங்க, வெளையாட்டு இல்லீங்க" என்று எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்துப் பேசினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து சீட்டுக்காரன், தனக்குப் பெண் தேடும் அம்மாவுக்கு வந்த படத்தைக் காட்டிச் சிரித்தான். அதில் நான். அக்கா கல்யாணத்தில் எடுத்தது, பக்கத்தில் நின்றவர்களை வெட்டியிருந்தார்கள். இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தரகரிடம் கொடுத்தது தாய்மாமா.

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு" என்றார் மாமா. என் ஜாதகத்தை எடுத்துவிடச் சொல்லித் தரகருக்கு போன் செய்தேன்.

"மாமா சொல்லட்டுங்க அம்மணி, எடுத்துப்போடலாங்க. பொண்ணு சொல்லி எடுத்தா நல்லா இருக்காதுங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த வெள்ளியும் போனேன், வேறு வீடுகளுக்கு. நான் எழுதியதே என்னை வாராவாரம் சந்தையில் நிறுத்தியது.

என் ஜாதகத்தை மட்டும் அழிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் மற்ற பெண்களின் போட்டோக்களையும் பார்த்தேன். பதிவில் அவரவர் போன் நம்பர் இருந்தது. அந்த நம்பர்களுக்கு எங்களிடமிருந்து இதுவரை ஒரு செய்திகூடப் போனதில்லை. ராகு காலம், அஷ்டமி, ஆடி ஆகியவற்றுக்குக் கீழே இன்னொரு நிபந்தனை சேர்த்தேன். வியாழக்கிழமை அந்தப் பெண்ணுக்கே ஒரு செய்தி போகும்: நாளை உங்கள் ஜாதகத்தை அனுப்பலாமா? சரி என்று அவள் சொன்னால் மட்டும் அனுப்பும்.

எனக்கும் வந்தது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை தரகர் அழைத்தார். "அம்மணி, மிசினு நின்னுபோச்சுங்களா? ஒரு ஊட்டுக்கும் ஜாதகம் போகலீங்க."

"நிக்கலீங்க. நல்ல நேரம் பாத்துத்தான் ஓடுச்சுங்க. பொண்ணுகளக் கேட்டுட்டு அனுப்பச் சொல்லியிருந்தேனுங்க. ஒருத்தரும் சரின்னு சொல்லலீங்க."

"அவியளக் கேக்கோணும்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?" என்றார்.

அன்று மாலையே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். கிளம்பும் முன் என் ஜாதகத்தை அழித்துவிட்டு வந்தேன். என் இடத்துக்கு வந்தவர் நான் சேர்த்த அந்த ஒரு நிபந்தனையைத்தான் முதலில் நீக்கினாராம். ராகு காலம் அப்படியே இருக்கிறது.