பூஜைக்குக் கழுவிய ஃபேன்

யாராவது ஒரு ஃபேனைக் காட்டி "நல்லா ஓடுது" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஓடுவது வேறு, காற்றைத் தள்ளுவது வேறு. அது தெரிந்தும் கோட்டை விட்டவன் நான். எழுபதுகளில் வந்த கோபம், இன்னும் அடங்கின பாடில்லை.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். என் அக்கா அதே ஃபேக்டரியின் சலிப்பு ரூமில் வேலை பார்த்தாள். காய்ந்த தேயிலையை மிஷின் சல்லடையில் போட்டு ரகம் பிரிக்கிற இடம் அது. தூள் ஈரம் குடித்துவிடும் என்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். ரூமுக்குள் பறக்கிற தூசி வெளியே போக ஒரே வழி, சுவர் உச்சியில் இருந்த இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன்கள். அந்தத் தூசியே பேரிங் எண்ணெயோடு சேர்ந்து இறக்கைகளில் விரல் கனத்துக்கு அப்பிக்கொள்ளும். மோட்டார் சுற்றும், கரண்ட் செலவாகும், காற்று மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அக்கா இருமிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தால் துணியில் பழுப்பு நிறம் தெரியும்.

துடைத்தால் தீர்ந்தது, அதற்கென்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன். துடைக்க வேண்டுமானால் சல்லடைகளை அரை நாள் நிறுத்த வேண்டும். மேனேஜர் சம்மதிக்கவே மாட்டார். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போய் அத்தனை வருஷமாகியும் அவரைத் துரை என்றுதான் கூப்பிட வேண்டும், அதில் மட்டும் ஒரு குறையும் வரக்கூடாது. வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மிஷின்களை நிறுத்திக் கழுவ விடுவார். சாமி காரியம் என்பதால் வாயைத் திறக்கமாட்டார். மனுஷர்கள் மூச்சு விடுவது அவருக்கு எந்தக் காரியத்திலும் சேர்த்தி இல்லை.

ஃபேக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கரின் கையைக் காலைப் பிடித்து, இன்னொரு ஃபேன் வேண்டுமென்று கம்பெனியின் கொச்சி ஆபீஸுக்கு எழுத வைத்தேன். கரண்ட் தட்டுப்பாட்டுக் காலம் அது. இருக்கிற ஃபேன்கள் தின்கிற கரண்டுக்கு ஏற்ற காற்றைத் தருகின்றனவா என்று முதலில் இஞ்சினியர் வந்து அளப்பார், அப்புறம்தான் புதிது என்று பதில் வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அளந்தா வண்டவாளம் தெரிஞ்சிரும்க்கா" என்றேன்.

"வரட்டும்லே, வந்து அவனும் ரெண்டு இழுப்பு இழுத்துப் பாக்கட்டும்" என்றாள் அக்கா.

என்றைக்கு வருவார் என்று சொல்லவில்லை. அதற்குள் ஆயுத பூஜை வந்தது. நான் ஏணியில் ஏறினேன், அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் இறக்கை இறக்கையாக ஊறவைத்துச் சுரண்டினேன். கம்பி வலையைக் கழற்றிப் பெண்கள் தேய்த்துக் கொடுத்தார்கள். பேரிங்குக்குப் புது எண்ணெய் விட்டேன். மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சாமி முன்னால் ஆயுதத்தை அழுக்காக வைக்க எங்களுக்குக் கை வராது. அளக்க வரப்போகிறார்கள் என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் நினைவில் இல்லை. மற்றவர்களை விடுங்கள், கடிதம் எழுத வைத்த எனக்கு எங்கே போயிற்று புத்தி?

விஜயதசமி முடிந்து ஃபேக்டரி திறந்த அன்றே ஜீப் வந்து நின்றது. இஞ்சினியர் நல்ல மனுஷர், என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வேலையையே ஆரம்பித்தார். உள்ளங்கை அகல வளையத்துக்குள் குட்டி இறக்கைகள் சுற்றும் கருவி ஒன்று வைத்திருந்தார். அதன் முள் காற்றின் வேகத்தைக் காட்டும். வலையின் குறுக்கே நூல் கட்டி ஒன்பது கட்டமாகப் பிரிக்கச் சொன்னார். கட்டத்துக்கு ஒரு நிமிஷம் கருவியைப் பிடித்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மோட்டார் வயரில் மீட்டர் மாட்டிக் கரண்டையும் குறித்துக்கொண்டார். மூன்றாவது கட்டத்திலேயே முள் போன போக்கைப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போதுதான் மோட்டாரில் இருந்த குங்குமப் பொட்டு என் கண்ணில் பட்டது.

"சார், இது பூஜைக்காகக் கழுவுனது சார். வருஷம் பூரா இப்படி இருக்காது. ஒரு மாசம் கழிச்சு வந்து அளந்து பாருங்க சார்."

"கழுகினா இவ்வளவு நல்லா ஓடும்னா, கழுகினா போதுமல்லோ. புது ஃபேன் எதுக்கு?" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பக்கத்தில் நின்ற துரையின் முகத்தைப் பார்த்தேன். அரை நாள் நிறுத்த விடுவதில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சன்னமாகச் சிரித்துக்கொண்டு, இஞ்சினியரைக் காப்பி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. ஃபேன்கள் தின்கிற கரண்டுக்குத் தாராளமாகக் காற்றைத் தள்ளுகின்றன, அந்த ரூமுக்கு ஒன்றே போதும், மற்றதை நிறுத்திக் கரண்டை மிச்சம் பிடிக்கலாம். ஃபியூஸைப் பிடுங்குகிற வேலையும் எலக்ட்ரீஷியனுடையதுதானே. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினேன். துரை மேல் இருக்கிற கோபத்தைவிட அந்த நிமிஷத்து என் மேல் இருக்கிற கோபம் பெரிது.

அடுத்த வருஷம் பூஜைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனபோது அக்கா குறுக்கே நின்றாள். பின்னால் எல்லாப் பெண்களும் நின்றார்கள்.

"கழுவ வேண்டாம்லே. சாமி கோவிச்சா நான் பாத்துக்கிடுதேன். திரும்ப அளக்கணும்னு டீமேக்கர எழுதச் சொல்லு. வர்றவன் இந்த லட்சணத்தப் பாக்கட்டும்."

அழுக்கின் மேலேயே சந்தனம் வைத்தாள். டீமேக்கர் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அளந்தாயிற்று என்று ஒரு வரி வந்தது. நான் பொறுக்க முடியாமல், துரை ஊரில் இல்லாத ஒரு நாள், வெந்நீரும் பிரஷ்ஷுமாகப் போனேன். அக்கா பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதயும் கழுவிட்டா நம்ம கையில என்னலே இருக்கு?"

தூசியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அந்தத் தூசியையே மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தாள். மற்ற ஃபேன் நின்ற நாளிலிருந்து இருமல் இரட்டிப்பாகியிருந்தது. எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஜீப் சத்தம் எது கேட்டாலும் வாசலை எட்டிப் பார்ப்பாள்.

தை மாசத்தில் அவளை மலையிறக்கித் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒரு வாரம் எஸ்டேட்டுக்குப் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். டாக்டர் இனிமேல் அந்த வேலைக்கு அனுப்பக்கூடாது என்று என்னிடம் கண்டித்துச் சொன்னார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பேச மூச்சு போதவில்லை. என் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"அளக்க வந்தாங்களாலே?"