பார்த்துவிட்டுத் தொடாமல் போனவர்கள்

கல்லாறு என்ற ஊரில் ஆற்றை ஒட்டிய நாலு அறை வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்து, பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் தங்கும் இடமாக என் தங்கை நடத்துகிறாள். முதல் வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தபோது சொன்னாள்: "ஓணத்துக்குள்ள ரூம் நிறையல்லேன்னா சாவியத் திருப்பிக் கொடுத்துடுவேன் அண்ணா." ஆட்கள் வருவது பெரும்பாலும் இணைய விளம்பரத்தால். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கல்லாற்றில் தங்க இடம் தேடுகிறவருக்கு எங்கள் விளம்பரம் தேடல் பக்கத்தின் மேலே வரும். அவர் அதைத் தொட்டால் மட்டுமே பணம் தரவேண்டும். ஆனால் ஒரு கிளிக்கின் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. விளம்பரத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று தர மதிப்பெண் உண்டு. அது உயர்ந்தால் குறைந்த விலையில் மேலே நிற்கலாம். இறங்கினால் அதே இடத்துக்குக் கூடுதலாகத் தரவேண்டும்.

எங்களுடையது ஏழிலிருந்து நாலுக்கு இறங்கிவிட்டது. ஒரு நாளைக்கென்று தங்கை ஒதுக்கிய தொகை மதியத்துக்குள் தீர்ந்துபோகும். மாலையில் வீட்டில் உட்கார்ந்து பயணம் திட்டமிடுகிறவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. வாசகத்தை மூன்று முறை மாற்றினேன். இணையப் பக்கத்தில் முதலில் நின்ற சாப்பாட்டு மேசையை எடுத்துவிட்டு, ஆற்றையும் அறையையும் வைத்தேன். மதிப்பெண் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் கோட்டைக்குள் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன்.

"உன் விளம்பரம் இப்ப ரொம்பக் கீழ போயிடுத்தேடா. மொதல்ல ஜோரா மேல நின்னுது" என்றார் சித்தப்பா.

"நீங்க எதுக்குத் தேடறேள்?"

"காலம்பற கண்ணாடியப் போட்டதும் அதான் மொத வேலை. ஆனா தொடமாட்டேன், கேட்டியா? தொட்டா அந்தப் பொண்ணுக்குன்னா பைசா போகும்!"

"இவர் மட்டுமா?" என்றாள் சித்தி. "குடும்ப குரூப்ல பதினோரு பேர் தினோம் பாக்கறோம். ஒருத்தர் தொட்டதில்லே."

காபியைக் கீழே வைத்தேன். காட்டியும் தொடப்படாத விளம்பரம் யாருக்கும் வேண்டாத விளம்பரம் என்பதுதான் அந்த மதிப்பெண்ணின் கணக்கு. கல்லாற்றைத் தேடுகிறவர்களே கொஞ்சம் பேர். அதில் பதினோரு பேர் தினமும் பார்த்துவிட்டு விலகினால் எப்படி உயரும்? செலவு வைக்கக்கூடாது என்ற அன்புதான் செலவைக் கூட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். காலை ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து: தொகை தீருமுன் தினமும் ஐந்து தடவை, இரண்டு ஃபோன்களில் தேடி, விளம்பரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்திருந்தேன். ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. நானும் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. சித்தப்பா ஒரு தடவை பார்த்தார்; நான் பத்துத் தடவை. கணக்கில் சேராமல் பார்ப்பதற்கென்றே விளம்பர நிர்வாகப் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. நான் படிக்காமல் விட்டிருந்தேன்.

தங்கையிடம் மறைக்க மனம் வரவில்லை. கூப்பிட்டுச் சொன்னேன்.

"நோட்ல எழுதி எழுதியே என் வீட்ட மூடப் பாத்தே, அல்லே?" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. "எல்லாரையும் நிறுத்தச் சொல்லு. சித்தப்பாட்ட நீயே சொல்லு."

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. "பாக்கறதுகூடத் தப்பாடா?" என்று கேட்டார். என் பத்துத் தடவையைச் சொன்னதும் கொஞ்சம் தெளிந்தார். "அப்போ பெரிய குற்றவாளி நீதான்!"

அதன்பின் யாரும் பார்க்கவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மதிப்பெண் ஐந்தானது, ஆறானது. ஒதுக்கிய தொகை மாலைவரை நின்றது. மாலையில் அழைப்புகள் வரத் தொடங்கின. வாரநாட்களில் ஓர் அறை இன்னும் காலிதான். ஆனாலும் ஓணத்துக்கு முந்தைய வாரம், இன்னொரு வருடம் நடத்துவதாக வீட்டுக்காரரிடம் தங்கை சொல்லிவிட்டாள்.

இப்போது சித்தப்பா தினமும் காலையில் அவளையே ஃபோனில் கூப்பிட்டு, "இன்னிக்கு யாராவது வந்திருக்காளா?" என்று கேட்கிறார். விருந்தினர்களுக்கு இட்லி பரிமாறும் நேரம் அது.

"விளம்பரத்தையே பாத்துண்டிருக்கச் சொல்லு அண்ணா" என்கிறாள். "இதுக்கு அதுவே தேவலை."