வெள்ளிக்கிழமைகளில் வாசித்த ஒரு வாக்கியம்

எங்கள் பாடசாலையில் வெள்ளிக்கிழமைக் காலைக் கூட்டம் மற்ற நாட்களைவிடச் சற்று நீளும். தேவாரம் முடிந்ததும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை முன்னே வந்து வீட்டுச் செய்திகளை வாசிக்க வேண்டும். நாட்டுச் செய்தியை வானொலி சொல்லிவிடும், நம்முடைய வீடுகளின் செய்தியை யார் சொல்வது என்று கேட்டுத் தலைமை ஆசிரியர் தொடக்கிவைத்த வழக்கம் அது. யாருடைய ஆடு இரட்டைக்குட்டி போட்டது, யாருடைய அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது, யாருடைய கூரையைக் காற்றுக் கொண்டுபோனது என்பன போன்ற செய்திகள். நல்ல செய்தியென்றால் கைதட்டுவோம். மற்றதென்றால் எல்லோரும் ஒரே குரலில் "நலமே வரட்டும்" என்போம். பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று செத்துப்போன செய்தி வந்தபோது எதைச் செய்வதென்று குழம்பி, முதலில் கைதட்டிவிட்டுப் பிறகு நலமே வரட்டும் என்றும் சொன்னோம்.

அந்த வருடம் வாசிப்பு என்னிடம் வந்தது. குரல் தெளிவானது என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்த சின்னம்மா அதே பாடசாலையில் கற்பித்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

கைதட்டல் குறைந்துபோன வருடம் அது. பாண் ரொட்டிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பல வீடுகளில் சோற்றின் இடத்தை மரவள்ளிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. இடைவேளையில் கொடுக்கப்படும் விசுக்கோத்தில் பாதியைப் பிள்ளைகள் சட்டைப்பையில் ஒளித்து வீட்டிலிருக்கும் சின்னதுகளுக்குக் கொண்டுபோனார்கள். அது விதிக்கு மாறானது. ஆசிரியர்கள் அந்த நேரம் பார்த்துக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்புவார்கள்.

தைப்பொங்கல் கழிந்தும் வாடைக்காற்று அடங்கவில்லை. மற்றவர்கள் வள்ளங்களைக் கரையேற்றிக் கட்டியிருந்த ஒரு நாள், என் வகுப்பில் படித்த பவளத்தின் தகப்பனார் தனியே கடலுக்குப் போனார். வீட்டில் கிழங்கும் தீர்ந்திருந்தது. அவர் திரும்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் என்னிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்: "பவளத்தின் தகப்பனார் கடலுக்குப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை." பாடசாலை முழுவதும் நலமே வரட்டும் என்றது.

எனக்கு அன்று தெரியாதிருந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வெள்ளி வருவதற்கு முன்பே, குடாவுக்கும் அப்பால் தெற்கே இலங்கைத்துறையில் அவருடைய உடல் ஒதுங்கிவிட்டது. அரைஞாணில் கோத்திருந்த தாயத்தைக் கொண்டு அடையாளம் கண்டார்கள். ஊருக்குக் கொண்டுவரக்கூடிய நிலையில் உடல் இல்லை. போனவர்கள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போது பவளத்தின் தாய் கர்ப்பமாக இருந்தார். முன்பு இரண்டு தரம் கரு தங்காமற் போயிருந்தது. இந்தச் செய்தியைக் கேட்டால் இதுவும் நில்லாது என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கும்வரை வாய்திறப்பதில்லை என்று கரை முழுவதும் முடிவெடுத்தது. ஆகவே என் வாக்கியமும் அப்படியே நின்றது.

ஒவ்வொரு வெள்ளியும் கருவாட்டுக் கடகப்பெட்டியை இடுப்பில் வைத்தபடி பவளத்தின் தாய் வேலிக்கு வெளியே நின்று கேட்பார். நெற்றியில் பொட்டு இருக்கும். வயிறு மாதத்துக்கு மாதம் முன்னே வந்தது. நலமே வரட்டும் என்று பவளம் எல்லோரையும்விட உரத்துச் சொல்லுவாள். அது முடிந்ததும் தாய் கடகத்தை ஏந்திக்கொண்டு போய்விடுவார்.

சித்திரைக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை மாற்றலாகி வந்தார். தலைமை ஆசிரியர் கல்விக் கந்தோர் அலுவலாகப் பட்டினத்துக்குப் போயிருந்த ஒரு வெள்ளி, கூட்டம் அவர் பொறுப்பில் நடந்தது. நான் வாசிக்கவிருந்ததை முன்னதாக எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, போன கிழமையும் இதைத்தானே வாசிச்சனீர்? செய்தியெண்டா புதுசா இருக்கவேணும். இது ஊசிப்போன செய்தி. விடும்."

அவர் சொன்னது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு மற்றவற்றை வாசித்து முடித்தேன். ஒருவரும் கலையவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எப்படிக் கலைவது என்று தெரியாமல் இருநூறு பிள்ளைகளும் நின்றோம். பவளத்தின் வாய் பாதி திறந்தபடி இருந்தது.

"பிள்ளை, எங்கட வீட்டுச் செய்தி வாசிக்கேல்லையே?" என்று வேலிக்கு வெளியேயிருந்து குரல் வந்தது.

பவளத்தின் தாய் என்னிடம்தான் கேட்டார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னையல்ல, வரிசையில் நின்ற மகளை. நான் தாளைப் பார்க்காமலே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நலமே வரட்டும் என்ற சத்தத்தில் கூரையிலிருந்த காகங்கள் எழும்பின. பின்னர் சின்னம்மா அந்த ஆசிரியையைத் தனியே அழைத்துப் பேசினார். அதற்குப் பிறகு அவர் எந்தச் செய்தியையும் ஊசிப்போனது என்று சொல்லவில்லை.

பவளத்தின் தாய் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறார் என்று பெரியவர்கள் முடிவுகட்டினார்கள்.

சில நாட்கள் கழித்து, வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயில் ஒரு போத்தலைச் சின்னம்மா என்னிடம் கொடுத்துப் பவளம் வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் கரையில் வீட்டு ஆண் கடலில் இருக்கும்வரை, பொழுதுபட்டதும் வாசலில் கடலுக்கு முகமாக ஒரு லாந்தரை ஏற்றித் தூக்குவார்கள். நான் போன நேரம் பக்கத்து வீட்டு லாந்தர்கள் எரிந்துகொண்டிருந்தன. பவளம் வீட்டிலும் லாந்தர் தொங்கியது, கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்திருந்தார்கள், ஏற்றவில்லை. எண்ணெய் இல்லாமற்போயிற்று என்று எண்ணிப் போத்தலைப் பெருமையோடு நீட்டினேன். தாய் அதை வாங்கி உள்ளே கொண்டுபோய், பவளம் படிக்கும் குப்பிவிளக்கில் மட்டும் ஊற்றினார்.

"லாந்தருக்கும் விடுங்கோவன் மாமி."

"அதுக்கு வேண்டாம் பிள்ளை. வீணாத்தானே எரியும்."

"மாமா வரேக்க இருட்டாயிருக்குமே?"

அவர் போத்தலின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்து மூடினார். "அம்மம்மா தேடப்போறா, கெதியாப் போ," என்றார். எனக்கு அம்மம்மா உயிரோடு இல்லை. அது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இதைச் சிக்கனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சின்னம்மாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை வாசிக்கலாமா என்றும் கேட்டேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சின்னம்மாவின் கை நின்றது.

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ஏன் சின்னம்மா? நல்ல விசயம்தானே?"

"ஓம். நல்ல விசயம்தான். சொல்லாதை."

சின்னம்மா மட்டும் தலைமை ஆசிரியரிடம் சொன்னாராம். உங்களுக்குத் தெரியுமா என்று பவளத்தின் தாயிடம் கேட்டுப் பார்க்க ஏலாது. தெரியாதிருந்தால், அந்தக் கேள்வியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆகவே வாக்கியம் தொடர்ந்தது. நான் அதற்கு மெருகேற்றிக்கொண்டிருந்தேன். "இன்னும்" என்ற சொல்லுக்கு முன்னால் சற்று நிறுத்தினால் கேட்பவர் நெஞ்சைத் தொடும் என்று கண்டுபிடித்திருந்தேன்.

ஆனி மாதத்தில் குழந்தை பிறந்தது. "பவளத்திற்குத் தம்பி பிறந்திருக்கிறான்" என்று வாசித்தேன், கைதட்டினார்கள். தொடர்ந்து, தகப்பனார் இன்னும் திரும்பவில்லை என்று வாசித்தேன். நலமே வரட்டும் என்றார்கள். அன்று வேலிக்கு வெளியே ஒருவரும் இல்லை.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த பிறகு ஒரு காலையில் தலைமை ஆசிரியரும் சின்னம்மாவும் கரைப் பெரியவர்கள் சிலரும் பவளம் வீட்டுக்குப் போனார்கள். பவளத்தை வெளியே வைத்திருப்பதற்காக என்னையும் கூட்டிப்போனார்கள். நாங்கள் கிடுகு வேலியோரம் சிப்பி பொறுக்கினோம். உள்ளே கதிரைகள் இழுபடும் சத்தமும் தேநீர்க் கோப்பைகளின் சத்தமும் கேட்டன. தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் அவர் பேசத் தொடங்குமுன் அப்படித்தான் செருமுவார். ஆனால் முதலில் கேட்டது பவளத்தின் தாயுடைய குரல்.

"எந்தக் கரையில வைச்சனீங்கள், சேர்?"

தலைமை ஆசிரியர் இன்னொரு தரம் செருமினார்.

"இலங்கைத்துறையில, பிள்ளை."

"தேவாரம் படிச்சவையோ?"

"நான்தான் படிச்சனான்."

பவளம் சிப்பிகளை மடியில் கட்டியபடி எழுந்து நின்றாள். உள்ளே அவளுடைய தாய், பால் வாங்கக் கடைக்கு வந்தவர் கதைப்பதைப் போல நிதானமாகச் சொன்னார்:

"எனக்கு அந்த மாதமே விளங்கிட்டுது, சேர். இலங்கைத்துறைக்குப் போய் வந்தவை ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கேல்லை. ஊர் முழுக்க எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு திரியேக்க, நான் மட்டும் எப்பிடி அழுறது? சின்னப் பிள்ளையளும் வெள்ளிக்கு வெள்ளி அப்பிடிச் சொல்லுதுகள்." பிறகு குரல் தாழ்ந்தது. "இனி அழலாந்தானே, சேர்?"

தலைமை ஆசிரியர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு எழுந்த ஓலம் கரை முழுவதும் கேட்டது. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பவளம் மடியை விட்டாள். சிப்பிகள் மணலில் கொட்டுண்டன. அவள் உள்ளே ஓடினாள்.

நான் தனியே நின்று, கேட்டதை எனக்குத் தெரிந்த ஒன்றோடு பொருத்திப் பார்த்தேன். வகுப்பிலிருந்து வெளியே போக வேண்டுமென்றால் நாங்கள் கை உயர்த்தி அனுமதி கேட்போம். பெரியவர்களும் அழுவதற்கு முன்னர் தலைமை ஆசிரியரிடம் அப்படிக் கேட்க வேண்டும்போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு காலம் பவளத்தின் தாய் ஏன் கேட்காமல் இருந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.